ஏப்ரல் 23, எந்தக் காலண்டர்?

(காலை ஏழு மணி. கதவு தட்டப்படுகிறது. உள்ளேயிருந்து ஒரு கண் மட்டும் எட்டிப் பார்க்கிறது.)

கொடுத்தவர்: தம்பி, இன்னிக்கு என்ன தேதி?

வாங்கியவர்: அண்ணே, வாங்க வாங்க! ஏப்ரல் 23. எப்பேர்ப்பட்ட நாள்!

கொடுத்தவர்: ஆமா. பணம் தர்றேன்னு நீ சொன்ன நாள்.

வாங்கியவர்: (குரலைத் தாழ்த்தி) துக்க நாள்ணே. ஷேக்ஸ்பியர் செத்துப்போன நாள். 1616.

கொடுத்தவர்: உனக்கு என்ன முறை வேணும் அவரு?

வாங்கியவர்: அதே 1616, அதே ஏப்ரல் 23, ஸ்பெயின்ல எழுத்தாளர் செர்வாண்டிஸும் போயிட்டாரு. ஒரே நாள்ல ரெண்டு பெரிய சாவு. இன்னிக்குப் போய் மனுஷன் பணத்தைத் தொடலாமா?

கொடுத்தவர்: நானூறு வருஷம் தாண்டியுமா அழுகை நிக்கல?

வாங்கியவர்: அதோட விட்டுதா? 1850-ல கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். 1992-ல சத்யஜித் ராய். எல்லாம் இதே தேதி.

கொடுத்தவர்: இன்னிக்கு யாரும் பொறக்கவே இல்லையா?

வாங்கியவர்: ஏன் இல்ல? மாக்ஸ் பிளாங்க், 1858. குவாண்டம் இயற்பியலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவரு. ஆற்றல் ஒரே ஒழுக்கா வராது, சின்னச் சின்னப் பொட்டலமாத்தான் வரும்னு சொன்னாரு.

கொடுத்தவர்: எனக்கும் பொட்டலம் பொட்டலமா வந்தாப் போதும். முதல் பொட்டலத்தை எடு.

வாங்கியவர்: (அவசரமாக) யூடியூப்ல முதல் வீடியோ ஏறினதும் 2005-ல இதே நாள்தான்! மிருகக்காட்சி சாலையில ஒருத்தர் யானையைக் காட்டிப் பேசுவாரு. மொத்தமே 19 நொடி.

கொடுத்தவர்: நான் நிக்கிறது ஒன்பது மாசமா. போன ஜூலை 20-ல வந்தப்ப, மனுஷன் நிலாவுல இறங்கின நாள்னு சொல்லிக் கைகுலுக்கி அனுப்பி வெச்சே. அதான் இந்தத் தடவை படிச்சிட்டு வந்திருக்கேன். கேட்டுக்கோ. செர்வாண்டிஸ் செத்தது 22. அடக்கம்தான் 23.

வாங்கியவர்: சரி, ஷேக்ஸ்பியர்?

கொடுத்தவர்: அவரு 23-தான். ஆனா இங்கிலாந்துல அப்போ ஜூலியஸ் சீசர் போட்ட பழைய ஜூலியன் காலண்டர். ஸ்பெயின் 1582-லயே போப் கிரிகோரியோட காலண்டருக்கு மாறிடுச்சு. அந்த வருஷம் அக்டோபர் 4 வியாழக்கிழமை தூங்கப் போனவன் முழிச்சப்போ அக்டோபர் 15 வெள்ளி. நடுவுல பத்து நாளைக் காணோம். ஆக, ஷேக்ஸ்பியர் கண்ணை மூடினப்போ மாட்ரிட்ல மே 3. செர்வாண்டிஸை அடக்கம் பண்ணிப் பத்து நாள் ஆயிடுச்சு. தேதி ஒண்ணு, நாள் வேற.

வாங்கியவர்: அடப்பாவமே! இவங்க ரெண்டு பேரையும் நெனச்சுத்தானே 1995-ல யுனெஸ்கோ இந்தத் தேதியை உலகப் புத்தக நாளாக்குச்சு! (திடீரென்று முகம் மலர்கிறது.) அண்ணே... தேதி ஒண்ணு, நாள் வேறன்னா சொன்னீங்க?

கொடுத்தவர்: (சந்தேகமாக) சொன்னேன்.

வாங்கியவர்: நான் சொன்னது பழைய காலண்டர் ஏப்ரல் 23! இப்போ வித்தியாசம் 13 நாள். அந்தக் கணக்குல இன்னிக்கு ஏப்ரல் 10-தான். நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க. மே 6 வாங்க.

கொடுத்தவர்: இரு, இரு. பத்து எப்படிப் பதிமூணு ஆச்சு?

வாங்கியவர்: பழசுல நாலால வகுபட்டா லீப் வருஷம், கதை முடிஞ்சுது. புதுசுல நூற்றாண்டு வருஷம்னா நானூறால வகுபடணும். 1700, 1800, 1900 மூணும் பழசுல லீப், புதுசுல இல்ல. தடவைக்கு ஒரு நாள் ஏறிடுச்சு. 2100-ல இன்னொண்ணு ஏறும்.

கொடுத்தவர்: போப் போட்ட கணக்குக்கே வட்டி ஏறுது. நான் உனக்கு இதுவரைக்கும் ஒரு காசு ஏத்தல.

வாங்கியவர்: ரஷ்யாவுல பாருங்க, அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-லதான் கொண்டாடினாங்க. 1917-ல அவங்க காலண்டர்ல அது அக்டோபர் 25. லேட்டுன்னு யாராவது கேட்டாங்களா?

கொடுத்தவர்: அவங்க புரட்சியைப் பண்ணி முடிச்சிட்டாங்க தம்பி. கொண்டாட்டம்தான் தள்ளிப்போச்சு. சரி, உனக்குச் சம்பளம் என்னிக்கு?

வாங்கியவர்: முப்பதாம் தேதி.

கொடுத்தவர்: எந்தக் காலண்டர்?

வாங்கியவர்: ...புதுசு.

கொடுத்தவர்: வாங்கறதுக்குப் போப், குடுக்கறதுக்கு ஜூலியஸ் சீசரா?

வாங்கியவர்: கோவப்படாதீங்கண்ணே. மே 6 சத்தியமா தர்றேன். அதுவும் லேசுப்பட்ட நாள் இல்ல. 1954-ல ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிஷம் 59.4 நொடியில ஓடிக் காட்டின நாள்! நாலு நிமிஷத்துக்குள்ள ஓடின முதல் ஆளு!

(அமைதி. கொடுத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காருகிறார்.)

கொடுத்தவர்: தம்பி, இந்த வீட்டுக்குப் பின்வாசல் எந்தப் பக்கம்? முதல்ல போய் அதைப் பூட்டி, சாவியை இங்க கொண்டா.