நெட் தேர்ச்சி இல்லாவிட்டால் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) கிடையாதா?
"நெட் இல்லாமல் போஸ்ட்டாக் கிடைக்காது, ஊட்டி டெலஸ்கோப்பிலும் கொடைக்கானல் அப்சர்வேட்டரியிலும் நேரில் பயோடேட்டா கொடுத்தால் போதும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

நெட் தேர்வு என்பது ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் வேலை சம்பந்தப்பட்டது. போஸ்ட்டாக்குக்குக் கேட்பது பிஎச்.டி.யும் கட்டுரைகளும்தான். தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களும் விண்ணப்பம் போடலாம் என்று, அதை முன்பு நடத்திய மத்திய அரசின் செர்ப் வாரியத்தின் விதியிலேயே இருந்தது. ஆனால் போஸ்ட்டாக்கில் யாரிடம் சேரப் போகிறீர்களோ அந்தப் பேராசிரியரின் ஒப்புதல் கட்டாயம். இதில்தான் நம் பிள்ளைகள் பலர் கோட்டை விடுகிறார்கள். அறிவிப்பு வந்தபிறகு பேராசிரியரைத் தேடினால் நேரம் போதாது. அவருடைய கட்டுரை இரண்டைப் படித்து, என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்று அரைப் பக்கத்தில் இப்போதே மெயில் போடுங்கள்.

அப்புறம் அந்த நேரில் போகிற கதை. ஊட்டி முத்தோரையில் உள்ள ரேடியோ டெலஸ்கோப்பை நடத்துவது புனேயில் உள்ள என்.சி.ஆர்.ஏ. என்ற ரேடியோ வானியற்பியல் மையம்; கொடைக்கானல் பெங்களூரு வானியற்பியல் நிறுவனத்தின் கீழ். விண்ணப்பம் புனேக்கும் பெங்களூருவுக்கும்தான் போகும். ஊட்டிக்காரன் சொல்கிறேன், மலையேறி வந்தால் குளிரும் வர்க்கியும்தான் மிச்சம்.