சைகை மொழிபெயர்ப்பாளருக்கு மார்க் போடுவது யார்?

காது கேளாதவர்களின் சைகையைப் பேச்சாகவும் பேச்சைச் சைகையாகவும் மாற்றிச் சொல்கிற சைகை மொழிபெயர்ப்பாளர்களை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு சர்வதேசப் பயிற்சியெல்லாம் நடக்கிறது என்று சொன்னேன். "இங்க இண்டர்பிரெட்டரே இல்லை, இதில் பரீட்சை வேறயா?" என்று கேட்டார் கோத்தகிரி நண்பர். நியாயம்தான். ஆனால் ஆள் பஞ்சம் இருக்கிற இடத்தில்தான் அரைகுறை ஆள் அதிகம் கெடுக்கிறார், கூடலூரிலிருந்து மலையேறி ஊட்டிக்கு வந்த காது கேளாதவர், இந்த மொழிபெயர்ப்பாளர் சரியில்லை என்றால் வேறு யாரைக் கூப்பிடுவார்?

என் அக்கா மகளுக்குக் காது கேட்காது. ஒரு குறைதீர் கூட்டத்தில், உதவித்தொகை நின்றுவிட்டதா என்று கேட்டாள். இந்திய சைகை மொழியில் ஆமாம், இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்விக்கு புருவம் உயரும், தலை கொஞ்சம் முன்னால் வரும், முகத்தைப் பார்த்தால்தான் அது கேள்வி என்றே தெரியும். அங்கே வந்த மொழிபெயர்ப்பாளர் கையை மட்டும் பார்த்து "உதவித்தொகை நின்னுடுச்சாம் சார்" என்றார். அதிகாரி அதைப் புகாராக எழுதிக்கொண்டார், அவள் கேட்டதற்குப் பதிலே இல்லை. நான் குறுக்கே பேசியபோது எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள். அவர்கள் காதுக்கு அவர் தங்கு தடையில்லாமல் பேசினார், அது போதுமே!

2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் மண்டேலா நினைவுக் கூட்டம். ஒபாமா பக்கத்திலேயே சைகை மொழிபெயர்ப்பாளர் என்று நின்று ஒருவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அது மொழியே இல்லை என்று சொன்னவர்கள் பார்த்துக்கொண்டிருந்த காது கேளாதவர்கள். மேடையில் ஏற்றிவிட்டவர்களுக்குத் தெரியவில்லை.

அதனால் மார்க் போடுகிறவருக்கும் பயிற்சி வேண்டும் என்பது என் கட்சி. ஒரே வீடியோவை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து மார்க் போட்டுவிட்டு, நீ ஏன் குறைத்தாய் நான் ஏன் கூட்டினேன் என்று உட்கார்ந்து சண்டை போட வேண்டும், அந்த இரண்டு பேரில் ஒருவராவது காது கேளாதவராக இருக்க வேண்டும். பேச்சிலிருந்து சைகைக்கு ஒரு மார்க், சைகையிலிருந்து பேச்சுக்குத் தனி மார்க். நான் பார்த்த பலர் தடுமாறுவது இரண்டாவதில்தான், அதைச் சோதிக்காமலே பாஸ் போட்டுவிட்டால் என்ன பரீட்சை அது?

வெளிநாட்டு மதிப்பெண் தாளை அப்படியே இறக்கவும் கூடாது. உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பும் உலக சைகை மொழிபெயர்ப்பாளர் சங்கமும் சேர்ந்து தரும் அங்கீகாரம் சர்வதேச சைகைக்கானது, மாநாடுகளில் பல நாட்டவர் கூடும்போது பயன்படுவது. குன்னூர் கோர்ட்டில் சாட்சி சொல்ல வருகிறவருக்கு அது எதற்கு? இங்கே 2015-ல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் வந்தது, 2021-க்குள் அகராதியில் 10,000 சொற்கள் சேர்ந்தன, இரண்டு வருட டிப்ளமோவும் இருக்கிறது. மதிப்பிடும் முறையை அதன் மேல்தான் கட்ட வேண்டும். அந்தச் சர்வதேசப் பயிற்சியிலிருந்து எடுக்க வேண்டியது எப்படிப் பார்ப்பது, எப்படி ஒப்பிடுவது என்கிற பழக்கத்தை.

அப்புறம் இன்னொன்று. வீடியோ காலில் பரீட்சை வைத்துவிடலாம் என்கிறார்கள், மழை பிடித்தால் இந்தப் பக்கம் சிக்னல் படுத்துவிடும், படம் உறைந்து நிற்கும்போது புருவம் எங்கே தெரியும்? நேரில் வையுங்கள், ஊட்டியிலேயே வையுங்கள். காது கேளாதவர்களை சிறப்பு விருந்தினர் என்று அழைத்து சால்வை போர்த்தி அனுப்பிவிடாமல், மதிப்பெண் தாளில் அவர்கள் கையெழுத்தை வாங்குங்கள். அந்த வேலைக்குச் சம்பளமும், கூடலூரிலிருந்து வருகிறவருக்கு பஸ் காசும் சேர்த்துக் கொடுங்கள்.