மிளகு ரசம்

(சிங்கப்பூர், ஈசூனில் ஓர் அடுக்குமாடி. மாலை ஏழு மணி. மின்தூக்கிக் கதவு மூடப்போகும் நேரத்தில் ஒரு தூக்குச்சட்டி உள்ளே நுழைகிறது. பின்னாலேயே பெரியவர்.)

பெரியவர்: மீனா, மனத்தைத் தளரவிடாதே. எல்லாம் சரியாகிவிடும்.

மீனா: என்ன சரியாகிவிடும், மாமா?

பெரியவர்: தம்பி விஷயம்தான். எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எட்டு நாளாகப் பகலிலும் வீட்டில்தான் இருக்கிறார். நேற்று சமையலறை ஜன்னல் வழியாக மூங்கில் கழியை நீட்டித் துணி காயப்போட்டார். குழந்தையின் சட்டை ஒவ்வொன்றும் தலைகீழாகத் தொங்கியது. பாவம்.

மீனா: சட்டையா?

பெரியவர்: தம்பி! ஆட்குறைப்பு என்பது ஓர் ஆளை அப்படித்தான் ஆக்கிவிடும்.

மீனா: ஆட்குறைப்பா? எங்கள் வீட்டில் நடந்திருப்பது ஆள் பெருக்கம், மாமா. குழந்தைக்கு நான்கு மாதம் ஆகிறது. என் விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன், அவர் விடுப்பு எடுத்திருக்கிறார். 4 வாரம், சம்பளத்தோடு.

பெரியவர்: நாகரிகமாக அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள். 1985-இல் நாடே மந்தத்தில் கிடந்தபோது என்னையும் 'கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள்' என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

மீனா: இது தந்தையர் விடுப்பு. 2025 ஏப்ரலிலிருந்து பிறந்த குழந்தைகளுக்கு முதலாளி மறுக்கவே முடியாது.

பெரியவர்: பெற்றது நீ. அவருக்கு எதற்கு விடுப்பு?

மீனா: அதனால்தான் எனக்கு 16 வாரம், அவருக்கு 4.

பெரியவர்: என்னவோ, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருக்கிறது. கவலை இல்லாமலா?

மீனா: இரவு இரண்டு மணிப் பால் இல்லாமலா?

பெரியவர்: பாவம்.

மீனா: இரண்டு.

பெரியவர்: என்ன இரண்டு?

மீனா: பாவம். எண்ணிக்கொண்டு வருகிறேன்.

பெரியவர்: எனக்குத் தெரிந்தவர் காவலாளி வேலைக்கு ஆள் தேடுகிறார். இரவுப் பணி, பன்னிரண்டு மணி நேரம். தம்பியைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மீனா: அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறார்.

பெரியவர்: சிரிக்காதே, அம்மா. கோப்பிக்கடையில் நான்கு பேரிடம் சொன்னேன். நான்கு பேரும் 'பாவம்' என்றார்கள்.

மீனா: அதையும் சேர்த்தால் ஆறு.

பெரியவர்: மாமியாரை வரவழைத்திருந்தால் தம்பிக்கு இந்த நிலை வந்திருக்குமா?

மீனா: கேட்டுப் பார்த்தேன். பாட்டி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் வேலைக்குப் போகும் தாய்க்கு 3,000 வெள்ளி வரிக்கழிவு உண்டு என்றேன். 'கழிவு உனக்கு, சம்பளம் எனக்கு எங்கே?' என்று கேட்டுவிட்டு அவரும் வேலைக்குப் புறப்பட்டுவிட்டார்.

பெரியவர்: சரி, இதைப் பிடி. சூடாக இருக்கிறது, அடியில் கை வைக்காதே. அத்தை வைத்த மிளகு ரசம். தம்பிக்கு.

மீனா: தம்பிக்கு.

பெரியவர்: பூண்டு தட்டிப் போட்டிருக்கிறாள்.

மீனா: மாமா, 16 வாரம் நானும் அதே வீட்டில்தானே இருந்தேன்? ஒரு கரண்டி ரசம் வரவில்லையே.

பெரியவர்: அது வேறு. நீ சும்மாதானே இருந்தாய்?

(ஆறாம் மாடியில் கதவு திறக்கிறது. பொத்தானை அழுத்தியவர் பொறுமை இழந்து போய்விட்டார் போலும். கதவு மூடும் வரை மீனா ஒன்றும் சொல்லவில்லை.)

பெரியவர்: அந்தச் சும்மா இல்லை, அம்மா. நல்ல சும்மா.

மீனா: மூன்றாவது வாரம், வயிற்றுத் தையல் ஆறாமல், ஈரத் துணியோடு அதே கழியைத் தூக்கி அதே ஜன்னலில் நீட்டினேன். நீங்கள் கீழே நின்று பார்த்தீர்கள். கையசைத்தீர்கள்.

பெரியவர்: கையசைத்தேனா?

மீனா: நன்றாகவே அசைத்தீர்கள். சட்டைகள் நேராகத் தொங்கியதால் ஒன்றும் தெரியவில்லை போலும். மூத்தவளின் பராமரிப்பு நிலையத்துக்கு அவர் எண்ணைத்தான் முதலில் எழுதிக் கொடுத்தோம். அவளுக்குக் காய்ச்சல் என்றால் இன்றைக்கும் அழைப்பு எனக்குத்தான் வருகிறது. அவர் போய் அழைத்து வந்தால் மட்டும் ஆசிரியையிலிருந்து காவலாளி வரை 'எவ்வளவு பொறுப்பான அப்பா!' என்கிறார்கள். தினமும் போன எனக்குக் கிடைத்தது, 'இன்று ஐந்து நிமிடம் தாமதம்.'

பெரியவர்: கோபப்படாதே. ரசம் ஆறிவிடும்.

(மீனா மூடியைத் திறக்கிறாள். பூண்டு வாசனை மின்தூக்கியை நிரப்புகிறது. மூடியில் ஊற்றி ஒரு வாய் குடிக்கிறாள். பிறகு இன்னொரு வாய்.)

பெரியவர்: அது... தம்பிக்கு...

மீனா: அவருக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. நாளை வைத்துக் கொடுங்கள்.

பெரியவர்: அத்தையிடம் சொல்கிறேன்.

மீனா: நீங்களே வைக்கலாமே?

பெரியவர்: நானா? எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது.

(பன்னிரண்டாம் மாடி. மீனா தூக்குச்சட்டியோடு இறங்குகிறாள். உள்ளே, தன் மாடி எப்போதோ கடந்து போனதைக் கவனிக்காத பெரியவர்.)

மீனா: பாவம், அத்தை.

பெரியவர்: அவள் எதற்குப் பாவம்? நாள் முழுக்க வீட்டில் சும்மா...

(கதவு மூடிக்கொள்கிறது.)