அங்க அவளுக்கு என்ன வேலை?

இங்கே நைரோபியில் என் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண் வீட்டுக்குப் போக ஸ்டேஜில், அதாவது பஸ் ஸ்டாப்பில், நின்றதையும், மட்டாட்டு என்கிற மினி பஸ்ஸில் அவள் பாவாடையைக் கிழித்துக் கீழே தள்ளிவிட்டுப் போனதையும் முந்தாநாள் எழுதியிருந்தேன். அந்தப் பதிவுக்குக் கீழே வந்த ஒரு கமெண்ட்டை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கே அனுப்பியவர்களும் உண்டு. "தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. ராத்திரி எட்டு மணிக்கு அந்த ஸ்டேஜ்ல அந்தப் பொண்ணுக்கு என்ன வேலை?" அதற்கு 46 லைக். அதில் 11 பெண்கள் போட்டது. உட்கார்ந்து எண்ணினேன்.

ரெண்டு நாளாகப் பதில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். முகம் தெரியாத ஆளாக இருந்திருந்தால் பிளாக் பண்ணிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் நைரோபியில் வந்து இறங்கியபோது ஏர்போர்ட்டுக்கு வந்து என் பெட்டியைத் தூக்கியவர் இந்த அண்ணன். முதல் மாசம் எனக்குச் சோறு போட்டது அவர் வீடு. அதனால்தான் வலிக்கிறது.

என்ன வேலை என்று கேட்டீர்களே அண்ணா, வேலைதான். ஆபீஸ் வேலை. மாசக் கடைசி, சரக்கு இருப்புக் கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். எட்டு மணிக்கு வண்டி ஏறும் இடத்தில் நிற்கிற எல்லாரும் எதற்கு நிற்கிறார்களோ அதற்குத்தான் அவளும் நின்றாள். அந்த ஸ்டேஜில் அன்றைக்கு நூறு ஆண்களாவது நின்றிருப்பார்கள். அவர்களில் ஒருத்தரையாவது பார்த்து, உனக்கு இங்க என்ன வேலை என்று யாராவது கேட்பார்களா?

நடந்ததை முழுக்கத் திரும்ப எழுத மாட்டேன். அவளே அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துவிட்டாள். ஆனால் அன்று எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். மட்டாட்டுவிலிருந்து அவளைத் தள்ளிவிட்டு வண்டி போனபோது, கிழிந்த பாவாடையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். போன் இல்லை. ஒரு கால் செருப்பும் இல்லை. ரோட்டோரம் காய் விற்கிற ஒரு அம்மா, இங்கே மாமா ம்போகா என்பார்கள், தக்காளியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறார். தன் இடுப்பில் கட்டியிருந்த லேசோவை அவிழ்த்து இவளைச் சுற்றிக் கட்டிவிட்டிருக்கிறார். லேசோ என்பது பெரிய பூப்போட்ட பருத்தித் துணி, அதன் ஓரத்தில் ஸ்வாஹிலியில் ஒரு வாசகம் அச்சடித்திருப்பார்கள். இந்தத் துணியில் இருப்பது "வேமா ஹவோஸி". செய்த நல்லது அழுகிப் போகாது என்று அர்த்தம். காய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, "போலே, போலே" என்று முதுகைத் தடவியிருக்கிறார். நம் வீட்டில் "ஒண்ணுமில்லடா கண்ணு" என்று சொல்வதுபோல. அந்த அம்மா அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீடு எங்கே, யாருக்குப் போன் பண்ணணும்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். புகார்ப் புத்தகத்தில் பதிந்து ஓ.பி. நம்பர் வாங்க வேண்டும், பிறகு காயங்களைக் குறிக்கும் பி3 படிவத்தை டாக்டர் நிரப்பித் தர வேண்டும், அதற்கப்புறம்தான் வழக்கு என்று ஒன்று ஆரம்பிக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவைத் திறக்கும் முன்பே கேட்டார், "அந்த நேரத்தில் எங்கே போய்க்கொண்டிருந்தாய்?" அடுத்தது, பாவாடை முழங்காலுக்கு மேலேயா கீழேயா. அவள் பையிலிருந்து அந்தப் பாவாடையை எடுத்து மேசைமேல் விரித்தாள். கிழிந்த பக்கத்தை ஒட்டிவைத்து நீளத்தைக் காட்டினாள். விரல் நடுங்கிக்கொண்டே இருந்தது. முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அந்த மேசையில் என் காதில் விழுந்த அதே கேள்வியை, அன்று சாயங்காலம் என் பதிவுக்குக் கீழே, தமிழில், "தங்கச்சி" போட்டுப் படித்தேன்.

சரி, எங்கே போனால் இந்தக் கேள்வி வராது என்று நீங்களே சொல்லுங்கள்.

தபாலாபீசுக்குப் போகலாமா? 2019 ஆகஸ்ட் 24, கேப்டவுன். உயினேனே ம்ர்வெட்யானா, 19 வயதுக் கல்லூரி மாணவி, தனக்கு வந்த பார்சலைக் கேட்டு அஞ்சலகம் போனாள். கரண்ட் இல்லை, அப்புறம் வா என்றான் கவுண்டரில் இருந்தவன். அவளும் நம்பித் திரும்பி வந்தாள். உள்ளே வைத்தே கொன்றான். பட்டப்பகலில், அரசாங்க அலுவலகத்தில். தென்னாப்பிரிக்கப் பெண்கள் "அடுத்தது நானா?" என்று எழுதிய அட்டைகளோடு தெருவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

அரசு பஸ்ஸில் ஏறலாமா? 2022 பிப்ரவரி, லாகோஸ். பாமிசே அயன்வோலா, 22 வயது, துணி வடிவமைப்பாளர். வேலை முடிந்து திரும்பியவள் நகரத்தின் பிஆர்டி பஸ்ஸில்தான் ஏறினாள். பஸ் இருட்டாக இருக்கிறது என்று தோழிக்கு வாய்ஸ் நோட் அனுப்பினாள். எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்களே, அந்தப் பெண் அதைத்தானே செய்தாள்? அவள் உடல்தான் கிடைத்தது.

இதெல்லாம் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருக்கலாமா? இங்கேதான் எனக்கு அழுகையே வருகிறது. ஆக்னஸ் டிரோப், கென்ய ஓட்டக்காரி. 2021 செப்டம்பரில் பெண்கள் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் உலக சாதனை. அக்டோபரில் இட்டென் ஊரில் சொந்த வீட்டுக்குள் குத்திக் கொல்லப்பட்டுக் கிடந்தாள். வயது 25. வழக்கு அவள் கணவன்மேல். ரெபெக்கா செப்டெகெய், உகாண்டாக்காரி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடியவள். பயிற்சிக்கு வசதி என்று எல்லை தாண்டிக் கென்யாவில் டிரான்ஸ் நசோயாவில் நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தவள்மேல் முன்னாள் துணைவன் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினான். நாலாவது நாள் எல்டோரெட் ஆஸ்பத்திரியில் இறந்தாள். 42 கிலோமீட்டர் ஓடக்கூடிய கால்கள் அண்ணா. அந்தக் கால்களாலேயே தப்பி ஓட முடியவில்லை.

தபாலாபீஸ், பஸ், சொந்த வீடு. இந்த இடங்களில் அவர்களுக்கு என்ன வேலை?

எனக்கு நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. நைரோபி வந்த ஆறாவது மாசம், கணவரிடம் சொல்லாமல் மட்டாட்டுவில் போய்ப் பழக ஆரம்பித்திருந்தேன். ஜன்னலோர சீட். பக்கத்தில் இருந்தவன் செய்தித்தாளை விரித்து, அதற்கடியில் கையை என் தொடையில் வைத்தான். எனக்கு ஸ்வாஹிலி வராது. இங்கிலீஷ் வரும், அந்த நிமிஷம் அதுவும் வரவில்லை. தமிழும் வரவில்லை. மூச்சே வரவில்லை. பின்சீட்டில் மடி நிறைய சுக்குமா கீரைக் கட்டு வைத்திருந்த ஒரு பாட்டி பார்த்துவிட்டார். குடையால் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி. "ம்வாச்சே!" அவளை விடு! அடுத்த நொடி வண்டி முழுக்க "ம்வாச்சே! ம்வாச்சே!" கண்டக்டர் கூரையைத் தட்டி வண்டியை நிறுத்தினார், இறங்குடா என்றார், அவன் இறங்கினான். அந்த வண்டியில் இருந்த ஒருத்தரும், இந்த இந்தியப் பெண்ணுக்கு இந்த வண்டியில் என்ன வேலை என்று என்னைக் கேட்கவில்லை.

கேட்டது யார் தெரியுமா? ஒரு வருஷம் கழித்து அம்மாவிடம் போனில் சொன்னேன். "கார் இருக்கும்போது நீ ஏன்டி அதுல போன?" அதோடு நான் இதை யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டேன்.

"இது அறிவுரைதானே, அக்கறையில் சொன்னது" என்று இன்பாக்சில் நாலைந்து பேர் வந்தீர்கள். அக்கறை என்றால் அந்தக் கேள்வியைக் கை வைத்தவனிடம் கேளுங்கள். அவனுக்கு அங்கே என்ன வேலை? அவன் ஏன் எட்டு மணிக்கு வெளியே வந்தான்? ஒருத்தராவது கேட்டீர்களா? நடப்பதற்கு முன்னால் சொன்னால் அறிவுரை. நடந்த பிறகு, உடம்பில் காயத்தோடு நிற்பவளிடம் சொன்னால் அதற்குப் பெயர் தீர்ப்பு.

"எல்லா ஆண்களும் அப்படியா" என்றவருக்கு: இல்லை. வண்டியை நிறுத்திய கண்டக்டர் ஆண்தான். இதற்குமேல் இதற்குப் பதில் எழுத எனக்குத் தெம்பில்லை.

"நீங்க கார்ல போறவங்க, உங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒரு கென்யத் தோழி கேட்டாள். இது நியாயம். ராத்திரி ஆனால் என்னை ஆபீஸ் வண்டி வீட்டு கேட் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறது. இங்கே இந்தியர்களான எங்களை முஹிண்டி என்பார்கள், எங்களுக்கு மதில் சுவர் உண்டு, வாட்ச்மேன் உண்டு. எங்கள் ஆபீசில் மூன்று பெண்கள் கைப்பையில் எப்போதும் ஒரு லேசோ மடித்து வைத்திருக்கிறார்கள், ஒருவேளை துணியைக் கிழித்தால் கட்டிக்கொள்ள. ஒன்பது வருஷமாக அதே ஆபீசில் இருக்கும் எனக்கு இது போன வாரம்தான் தெரியும். இதற்கு என்னிடம் பதிலே இல்லை தோழி.

ஆனால் "ஆப்பிரிக்கான்னா அப்படித்தான், நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றவர்களே, உங்களை விட மாட்டேன். எண்ணிக்கையை நான் மறைக்கவில்லை. 2023-ல் துணைவன் அல்லது குடும்பத்தார் கையால் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் ஆப்பிரிக்காவில் சுமார் 21,700 பேர் என்று ஐ.நா. கணக்குச் சொல்கிறது. வேறெந்தக் கண்டத்தையும்விட அதிகம். கென்யாவின் 2022 மக்கள்நல ஆய்வில் 15 வயதுக்குப் பிறகு அடி உதை வாங்கியதாகச் சொன்ன பெண்கள் 34 சதவீதம். 2006-ல் இந்த நாட்டுப் பாலியல் குற்றச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, பெண் வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம் என்கிற மாதிரி ஒரு உறுப்பினர் பேச, பெண் எம்.பி.க்கள் எழுந்து வெளியே போனார்கள். கணவன் செய்யும் வன்புணர்வைக் குற்றமாக்கும் பிரிவை எடுத்துவிட்டுத்தான் சட்டத்தை நிறைவேற்றினார்கள். எல்லாம் உண்மை.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது யார்? ஞோகி ந்துங்கு, இந்த மண்ணின் பெண். 2014-ல் நைரோபியில் ஒரு பெண்ணை மினி ஸ்கர்ட் போட்டாள் என்று கூட்டமாகச் சேர்ந்து துணியை உரித்தபோது, நவம்பர் 17 அன்று "என் உடை, என் விருப்பம்" என்று ஊர்வலம் போனது யார்? அதே வருஷம் பஸ்ஸுக்குள் ஒரு பெண்ணை உரித்துக் கொள்ளையடித்த டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பெட்ரோல் பங்க் ஆளுக்கும் 2017-ல் நைரோபி நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. தூக்கு சரி என்று நான் சொல்லவில்லை. "அவளுக்கு அங்கே என்ன வேலை" என்று கேட்டு அந்த வழக்கை மூடவில்லை என்று சொல்கிறேன். 2024 ஜனவரி 27, பெண்கள் கொல்லப்படுவதை எதிர்த்துக் கென்ய நகரங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில். டிசம்பரில் மறுபடி இறங்கியபோது போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு வந்த செய்தி ஒன்றே ஒன்றுதான்: "சிட்டி சென்டர்ல டிராஃபிக், அந்தப் பக்கம் போகாதீங்க."

அதே 2024 டிசம்பரில்தான் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் நம் பெண்ணுக்கு நடந்தது. அப்போதும் நம் ஆட்கள் கேட்டது, ராத்திரி அங்க என்ன வேலை. அதனால் ஆப்பிரிக்கா என்று விரலை நீட்ட வேண்டாம்.

லைக் போட்ட 11 பெண்களில் ஒருத்தி என் சொந்தத் தோழி. பிரசவத்தின்போது அவள் பக்கத்தில் நின்றது நான். போன் பண்ணிக் கேட்டேன். "இல்லடி, அண்ணன் போட்டாரேன்னு போட்டேன்" என்றாள். அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

இன்னொன்று, முந்தாநாள் பதிவில் இதை நான் எழுதவில்லை. எழுதத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு அவள் அஞ்சரைக்கே கிளம்பிவிட்டாள். பையைத் தோளில் மாட்டிவிட்டாள். "இன்னும் ரெண்டு ஷீட்தான், முடிச்சிட்டுப் போயேன்" என்று நிறுத்தியது நான். முடித்தபோது ஏழே கால். எனக்கு ஆபீஸ் வண்டி வந்தது. நான் ஏறிக்கொண்டேன். அவள் வீடு வேறு பக்கம், நான் போகிற வழி இல்லை. கை காட்டினாள். அங்க அவளுக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே, நான் கொடுத்த வேலை அண்ணா.

அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள், அந்த ரெண்டு ஷீட்டையும் பிரிண்ட் எடுத்து என் மேசையில் வைத்தாள். மாசக் கடைசியில் ஏழு மணிக்கு மேல் யார் இருந்தாலும் வீடு வரைக்கும் வண்டி வேண்டும் என்று மேலே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. வரும் வரைக்கும் நானே அவளைக் கொண்டுபோய் விடுகிறேன்.

அந்த லேசோவைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். நாளைக்குச் சாயங்காலம் அந்த மாமா ம்போகாவிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறோம். அவர் கடை போடுவதே இருட்டத் தொடங்கிய பிறகுதான். எட்டு மணிக்கு அதே ஸ்டேஜில் நிற்போம், நானும் அவளும்.