பால்பன்னில் பாலே கிடையாது, நாயக்கர் எங்கிருந்து வந்தார்?

டீக்கடையில் எண்ணெயில் பொரித்துப் பாகில் முக்கித் தருகிற பால்பன், மதுரையை ஆண்ட திருமலை நாயக்கரின் அரண்மனையில் பிறந்தது என்று நான் கதை விட்ட பதிவைத்தான் சொல்கிறேன். போன வாரம் இங்கேதான் எழுதினேன், நீங்களும் சிரித்தீர்கள். நேற்று அது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியது என் தாய்மாமா. கீழே நான் எழுதாத ஒரு வரி: 'மதுரைக்காரனாக இருந்தால் பகிரவும்.' என் பெயரை மட்டும் காணோம்.

அய்யா, அது நக்கல்.

திருமலை நாயக்கர் மகால் தூண்களுக்குப் பூசிய சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்தார்கள் என்று சொல்வார்கள் அல்லவா? அப்படியானால் அத்தனை மஞ்சள்கருவும் எங்கே போயிற்று என்று ஒருநாள் டீக்கடையில் நிற்கும்போது தோன்றியது. அரண்மனைச் சமையல்காரர் அதைப் பாலில் பிசைந்து பொரித்தார், அதுதான் பால்பன் என்று கதை விட்டேன். போதாதென்று ஒரு போர்ச்சுக்கீசியரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறக்கி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி மகாலுக்கு அனுப்பினேன். 'பன்' என்று பெயர் வைத்தது அவர்தான் என்றேன். திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. அந்தக் காலத்தில் ஷேர் ஆட்டோ! விளையாட்டு என்று இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

மாமா அனுப்பியதில் ஷேர் ஆட்டோ இல்லை. பல்லக்கு இருந்தது. மாட்டுத்தாவணி இருந்த இடத்தில் தூத்துக்குடி. யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து படித்து, எங்கெங்கே சிரிப்பு வரும் என்று பார்த்து, அதை மட்டும் கழற்றி எடுத்திருக்கிறார். அவர் ஏமாந்தவர் இல்லை. நக்கல் அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

'நீயே கிளப்பிவிட்டு நீயே அழுகிறாயா' என்பீர்கள். சரி, என் மேலும் தப்பு இருக்கிறது. கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கடை மாஸ்டர் மைதா, தயிர், சீனி, சோடா உப்பு, கொஞ்சம் ஏலக்காய் போட்டுப் பிசைவதை யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். கையாலேயே கிள்ளி எண்ணெயில் போட்டு, தீயைக் குறைத்து நிதானமாகப் பொரித்து, பாகில் முக்கி எடுப்பார். மேலே மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே பஞ்சு. இதில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. மைதாவும் சோடா உப்பும் நம் டீக்கடைகளுக்கு வந்ததெல்லாம் நாயக்கர் போய் எத்தனையோ காலத்துக்குப் பிறகு. ஒரு நிமிடம் யோசித்தால் போதும். நாயக்கரை அவமதித்துவிட்டேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் கிடையாது.

'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு வரலாறு இல்லையா, நம் பலகாரத்துக்கு இருந்தால் என்ன' என்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன். பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல். இரண்டுமே அந்த ஊர்ப் பாலுக்கும் கடலைக்கும் கைப்பக்குவத்துக்கும் கிடைத்தவை. எந்த ராஜாவும் வந்து சாட்சி சொல்லவில்லை. ராஜா காலத்துக் கதைதான் வேண்டுமென்றால் மதுரையில் அதற்கா பஞ்சம்? சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சியில் தேன்கூடு போன்ற அடையும் மோதகமும் விற்கிற கூவியர் ராத்திரியில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். மீனாட்சியம்மன் கோயில் முக்குறுணிப் பிள்ளையாருக்கு விநாயகர் சதுர்த்தியன்று 18 படி அரிசியில் ஒற்றைக் கொழுக்கட்டை. சிவன் பிட்டுக்கு மண் சுமந்ததற்கு ஆவணி மூலத்தில் திருவிழாவே எடுக்கிறோம். கூலிக்கு வந்து பிரம்படி வாங்கியவர் சாமி என்றாலும் அந்தக் கதையில் பிட்டு அவித்த கிழவிக்கு வந்தி என்று ஒரு பெயர் இருக்கிறது. இதையெல்லாம் யாராவது பகிர்ந்தீர்களா? மாட்டீர்கள். உண்மை என்றால் கை வராது.

அப்பாவுக்கு மில்லில் ராத்திரி ஷிப்டு. விடிகாலையில் வரும்போது செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பால்பன் வாங்கி வருவார். எனக்கொன்று, தங்கச்சிக்கொன்று. பாகு ஊறி, தாளில் இருந்த எழுத்தெல்லாம் பன்னின் முதுகில் இடவலம் மாறி ஒட்டியிருக்கும். அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் தின்போம். ஒருமுறை எனக்கு வந்தது தங்கம் விலை, அவளுக்கு மரண அறிவித்தல். அவள் அழுததால் மாற்றிக்கொண்டோம். அப்பா தனக்கென்று மூன்றாவதாக ஒன்று வாங்கி நான் பார்த்ததே இல்லை. பால்பன் என்றால் எனக்கு இதுதான் வரலாறு. இதில் பல்லக்கு வராது, ஒரு சைக்கிள் வரும்.

ராத்திரி முழுக்கக் கண் விழித்து வருகிறவனுக்கு வயிறு நிறைய வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும் என்று யோசித்து இதைப் பிசைந்த அந்த டீக்கடை மாஸ்டரின் பெயர் என்ன? அதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ராஜா தின்றார் என்றால்தான் உங்களுக்கு இனிக்கிறது. பைபாஸ் பக்கம் ஒரு கடையில் இப்போது 'நாயக்கர் கால பால்பன்' என்று பலகையே வைத்துவிட்டார்கள். ஒன்று நாற்பது ரூபாய், பேரீச்சம்பழம் செருகி.

மாமாவுக்கு போன் போட்டு, "மாமா, அது நான் எழுதினது" என்றேன்.

"போ மாப்ளே, உனக்கு இந்த அளவுக்கு எழுத வராது" என்றார்.

பத்து வருடமாக எழுதுகிறேன். ஒருநாள்கூட அவர் என்னைப் பாராட்டியதில்லை. முதல்முறை பாராட்டியிருக்கிறார், அதுவும் அந்தப் பல்லக்குக்காரரை.

இன்று காலை வழக்கமான கடைக்குப் போனேன். மாஸ்டர் எண்ணெயைப் பார்த்தபடியே கேட்டார்: "அண்ணே, இது நாயக்கரு சாப்பிட்டதாமே? போன்ல வந்துச்சு. ரெண்டு ரூவா ஏத்திரலாமா?"

ஏத்துங்க என்று சொல்லிவிட்டேன்.