மயில்கழுத்து எங்கே போனது?

சேலம் பக்கம் இளம்பிள்ளை ஊரில் நாலு கடை ஏறி இறங்கி எடுத்த மயில்கழுத்து நிறச் சேலை. படம் அனுப்பினால் அக்கா கேட்கிறாள்: "ஏன் புள்ள, சாதா நீலத்தையா எடுத்தே?" எரிச்சல் வருமா, வராதா? நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. மடிப்பை லேசாகத் திருப்பினாலே நிறம் ஓடும். அந்த ஓட்டம் படத்தில் எங்கே? டியூப்லைட்டில் எடுத்தால் வெளிறல். வாசல் நிழலில் கருநீலம். குண்டு பல்பில் பாசிப்பச்சை. வெள்ளையைச் சரிசெய்கிறேன் என்று கேமராவே நிறத்தை மாற்றிவிடுகிறது. அப்புறம் அக்காவின் போன் திரை வேறு தன் பங்குக்குக் கெடுக்கிறது. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 256 படி, மொத்தம் 1 கோடியே 67 லட்சம் நிறமாம். அத்தனை இருந்தும் என் ஒரு மயில்கழுத்துக்கு இடமில்லையா? போன மாதம் மாம்பழ மஞ்சளும் இப்படித்தான் எலுமிச்சையாகப் போய்ச் சேர்ந்தது!