கியோட்டோவில் பஸ்ஸை விட்டு இறங்குங்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் தன் கியோட்டோ பயணத் திட்டத்தை அனுப்பி, சரியாக இருக்கிறதா பார் என்றார். இரண்டு நாளில் பதினான்கு கோயில், நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அறுபடை வீட்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடும் வேன் டூர் மாதிரி இருக்கிறதே என்றேன், கோபித்துக்கொண்டார். போனில் சொல்ல முடியாமல் போனதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான். கியோட்டோவைப் பொறுத்தவரை, கையில் காசு குறைவாக வைத்திருப்பவர்தான் ஊரை உருப்படியாகப் பார்த்துவிட்டு வருகிறார். வசதி இல்லாதவன் ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்வது என்று நினைக்க வேண்டாம், உண்மையிலேயே அந்த ஊரின் அமைப்பு அப்படி.

நான் போனது பிப்ரவரி கடைசியில், ஐந்து நாள். குளிர் எலும்பைத் தொடும், ஆனால் கூட்டம் இல்லை, வாடகையும் இறங்கியிருக்கும். ரயில் நிலையத்துக்குத் தெற்கே ஒரு விடுதியில், எட்டுப் பேர் படுக்கும் அறையில் கட்டிலுக்கு 2,800 யென். அப்போது 100 யென் கிட்டத்தட்ட 60 ரூபாய். படுக்கை, சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து நாளைக்கு 6,000 யென்னைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டேன், ஒரு நாள் தவிர தாண்டவில்லை. (அந்த ஒரு நாளின் குற்றவாளி ஒரு பருந்து. பிறகு வருகிறேன்.)

முதலில் ஊர் எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். 794இல் ஜப்பானின் தலைநகராக அமைத்தபோது, சீனத்தின் சாங்கான் நகரைப் பார்த்து சதுரங்கப் பலகை மாதிரி தெருப் போட்டார்கள். இச்சிஜோ, நிஜோ, சன்ஜோ என்று வடக்கிலிருந்து தெற்காக எண்ணிக்கொண்டே வந்தால் ஒன்பதாவது தெரு குஜோ. கிழக்கு, வடக்கு, மேற்கு மூன்று பக்கமும் மலை, தெற்கு மட்டும் திறந்திருக்கும். இதைவிடச் சுலபமாக எந்த ஊர் வழி சொல்லும்? முகவரியைக்கூட அங்கே நடப்பவனுக்குச் சொல்வது போலத்தான் எழுதுகிறார்கள்: இந்தத் தெருவும் அந்தத் தெருவும் சந்திக்கிற இடத்திலிருந்து ‘அகரு’ என்றால் மேலே, அதாவது வடக்கே போ, ‘சகரு’ என்றால் கீழே, தெற்கே. இரண்டாம் நாளே போனைப் பையில் போட்டுவிட்டேன். மலையைப் பார்த்தால் திசை தெரிகிறது, தெருப் பெயரைப் பார்த்தால் எவ்வளவு தூரம் என்று தெரிகிறது, அப்புறம் எதற்கு மேப்?

காசு வாங்காத இடங்கள் ஒன்றும் இரண்டாந்தரம் இல்லை. நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் இரண்டு ஹொங்கான்ஜி கோயில்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. பஸ்ஸில் தங்கக் கோயிலான கின்காகுஜிக்கு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இவற்றை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். மேற்கு ஹொங்கான்ஜியில் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தாழ்வாரத்தில் நடக்கும்போது கீழே பார்த்துக்கொண்டே போங்கள். பலகையில் கணுவோ வெடிப்போ விட்ட இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு வேறு மரத்துண்டு பதித்திருக்கிறார்கள். சும்மா சதுரமாகப் பதித்தால் போதாதா? ஒன்று இலை, ஒன்று சுரைக்காய், இன்னொன்று ஃபூஜி மலை. எந்தத் தச்சனுக்கு எந்த மத்தியானம் தோன்றிய குறும்போ! குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாய்த் தேடிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் ஒரு பாட்டியம்மா சிரித்துக்கொண்டே நான் தவறவிட்ட ஒன்றைக் காலால் காட்டிவிட்டுப் போனார்.

கிழக்கு ஹொங்கான்ஜியில் வேறு ஒரு காட்சி. கண்ணாடிக்குப் பின்னால் சுருட்டி வைத்த ஒரு கறுப்பு வடம், தேர்வடம் கனத்துக்கு. தீயில் போன கோயிலை 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் திரும்பக் கட்டும்போது, பெரிய உத்தரங்களை இழுக்கச் சாதாரணக் கயிறு தாங்கவில்லை என்று நாடெங்கும் இருந்து பெண்கள் தலைமுடியை அறுத்துக் கொடுத்தார்களாம், அதைச் சணலோடு முறுக்கித் திரித்த கயிறு. 1895இல் கட்டி முடித்தார்கள். முடி காணிக்கை நமக்குப் புதிதில்லைதான். ஆனால் கொடுத்த முடியே கோயிலின் மரத்தை இழுத்துக்கொண்டு வந்தது என்பதை நினைத்தபடி அந்த மண்டபத்தின் தூண்களை நிமிர்ந்து பார்த்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது.

காசு கொடுத்துப் பார்ப்பதே பாவம் என்று சொல்லவில்லை. நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கொடுத்ததில் மிச்சமில்லாமல் திரும்பக் கிடைத்தது சன்ஜூசன்கென்தோ கோயிலின் 600 யென். 120 மீட்டர் நீளக் கூடத்தில் கன்னோன் என்ற கருணைத் தெய்வத்தின் 1,001 சிலைகள் வரிசை கட்டி நிற்கின்றன, ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியவர்கள் அவர்களுக்கு முன்னால் நிற்கும் 28 காவல் தெய்வங்கள். பாதிப் பேர் நமக்குத் தெரிந்தவர்கள். நாராயணன் இருக்கிறார், அலகும் இறக்கையுமாக கருடன் நின்றுகொண்டு புல்லாங்குழல் ஊதுகிறார். பௌத்தத்தோடு சேர்ந்து இவ்வளவு தூரம் வந்தவருக்கு வாத்தியமும் கைவந்துவிட்டது. படம் எடுக்க விடமாட்டார்கள், நல்லது.

அங்கிருந்து வெளியே வந்து அடுத்த கோயிலுக்கு பஸ் பிடிக்காமல் வடக்கே பத்து நிமிடம் நடந்ததால்தான் மிமிசுகாவைப் பார்த்தேன். வீடுகளுக்கு நடுவே புல் மூடிய ஒரு மேடு, உச்சியில் ஒரு கல் கோபுரம். ‘காது மேடு’ என்று பெயர். உள்ளே இருப்பவை பெரும்பாலும் மூக்குகள். 1592 தொடங்கி, ஜப்பானை அப்போது ஆண்ட ஹிதேயோஷி கொரியாவின் மேல் படையெடுத்தபோது, தலைக்குப் பதிலாக மூக்கை அறுத்து உப்பில் போட்டு அனுப்பினார்கள், வீரர்கள் எத்தனை பேரைக் கொன்றார்கள் என்று கணக்குக் காட்ட. பல்லாயிரம் பேருடையது. நான் நின்ற இருபது நிமிடத்தில் வந்தது மூன்று பேர், மூவரும் கொரியர்கள், பூ கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடும் பூங்கா. எந்த ‘கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து’ பட்டியலிலும் நான் இதைப் பார்த்ததில்லை. கியோட்டோ என்றால் கிமோனோவும் செர்ரிப் பூவும் மட்டும்தான் என்று விற்கிறவர்களுக்கு இது தோதுப்படாது.

ஃபுஷிமி இனாரி மலைக்கோயில் பற்றி எல்லோருக்கும் தெரியும், கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் திறந்திருக்கும். நான் சொல்வது ஒன்றே ஒன்று: விடியும்முன் போங்கள், பாதியில் திரும்பாதீர்கள். மலை வெறும் 233 மீட்டர். எல்லோரும் முதல் கால் மணி நேரத்தில் சிவப்பு வாசல்களுக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள், யோத்சுத்சுஜி என்ற நாற்சந்தியைத் தாண்டினால் காக்கையும் நீங்களும்தான். இறங்கி வரும்போதுதான் அந்த வாசல் தூண்களின் மறுபக்கம் கண்ணில் படும். கறுப்பு எழுத்தில் நன்கொடை கொடுத்த கம்பெனியின் பெயரும் தேதியும். ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுகிற நம்மவர்களை இனிமேல் கிண்டல் செய்ய மாட்டேன். சில தூண்களின் அடி மழையில் இற்றுப்போய்க் கருத்திருக்கிறது, சிலவற்றை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதுக்காகக் குழி மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். இன்னொன்று, மேலே ஏற ஏற பானம் விற்கும் இயந்திரத்தில் விலையும் ஏறுகிறது. தண்ணீரைக் கீழேயே குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, பருந்து. சாப்பாட்டுச் செலவைக் குறைக்க சூப்பர் மார்க்கெட்டில் இரவு எட்டு மணி வாக்கில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அதற்காகக் காத்திருந்து வாங்குவேன். பகலில் கன்வீனியன்ஸ் கடையின் அரிசி உருண்டை. ஒரு மத்தியானம் மட்டும் ஆடம்பரமாக இருப்போமே என்று நல்ல பேக்கரியில் நாலு ரொட்டி வாங்கிக்கொண்டு காமோ ஆறும் தகானோ ஆறும் கூடும் இடத்துக்குப் போனேன். ஆற்றுக்குக் குறுக்கே ஆமை வடிவக் கற்கள் போட்டிருப்பார்கள், பிள்ளைகள் தாவித் தாவிக் கடப்பார்கள், பார்க்கவே ரம்மியம். ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோகிறேன், முதுகுப் பக்கமிருந்து ஒரு காற்று, கன்னத்தில் இறகு உரசியது, கையில் ஒன்றுமில்லை. கோழிக்குஞ்சைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய்விட்டது. பதறியதில் மடியில் இருந்த மிச்சமும் தண்ணீரில். ‘பருந்து ஜாக்கிரதை’ என்று படத்தோடு பலகை வைத்திருக்கிறார்கள், நான்தான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காய்கறி உடோன் நூடுல்ஸ் என்று நம்பி வாங்காதீர்கள், ரசமே மீனில்தான், நம்முடைய மாசிக் கருவாடு மாதிரி ஒன்றைச் சீவிப் போட்டுக் கொதிக்கவைப்பது. மலிவாக வயிற்றை நிரப்புவது அவர்களுக்கு என்னைவிடச் சிரமம், அதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது பஸ் விஷயம். ஒரு முறை ஏறினால் 230 யென், அது பெரிய காசில்லை. சிக்கல் வேறு, அதைச் சொல்ல ஒரு கால்வாயிலிருந்து தொடங்க வேண்டும். கியோட்டோவில் கிழக்கு மலையடிவாரத்தில் நான்ஜென்ஜி கோயிலுக்குள்ளே செங்கல் வளைவுகள் மேல் ஒரு கால்வாய் ஓடும், 1888இல் கட்டியது. தலைநகர் தோக்கியோவுக்குப் போய்விட்டதும் படுத்துப்போன ஊரைத் தூக்கி நிறுத்த, பீவா ஏரியிலிருந்து மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். பொறுப்பேற்ற இன்ஜினியர் தனாபே சகுரோவுக்கு அப்போது இருபத்து சொச்ச வயது. பக்கத்துப் படிக்கட்டில் ஏறினால் தலைக்கு மேல் கேட்ட தண்ணீர் காலடியில் விறுவிறுவென்று போவதைப் பார்க்கலாம், செலவில்லாமல். அதே நீரில் மின்சாரம் எடுத்து 1895இல் ஜப்பானின் முதல் மின்சார டிராமை ஓட்டிய ஊர் இது. காருக்கு இடமில்லை என்று 1978இல் டிராமை ஒழித்துவிட்டார்கள். இன்று அந்தப் பாரத்தை எல்லாம் பஸ் சுமக்கிறது. காய்கறிப் பையோடு நிற்கும் உள்ளூர்ப் பெரியவர் ஏற முடியாமல் இரண்டு பஸ்ஸை விடுவதை நானே பார்த்தேன், உள்ளே முழுக்க நாங்கள், எங்கள் பெட்டிகள். பஸ்ஸுக்கு மட்டுமான ஒருநாள் பாஸ் விற்பதை 2023இல் நகராட்சியே நிறுத்திவிட்டது. அதற்கு மேலும் ஜாடை வேண்டுமா?

அந்தக் கால்வாயின் கிளையை ஒட்டித்தான் தத்துவப் பாதை. இரண்டு கிலோமீட்டர். தங்கக் கோயில் Kinkakuji, வெள்ளிக் கோயில் Ginkakuji, தமிழில் எழுதினால் இரண்டும் கின்காகுஜிதான், எனக்கே நாக்கு சுளுக்கிக்கொண்டது. தங்கக் கோயில் ஊரின் வடமேற்கில், வெள்ளிக் கோயில் வடகிழக்கில். பாதை முடிவது வெள்ளிக் கோயிலருகே. ஊரின் ஆறெல்லாம் தெற்கே ஓட, இந்த வாய்க்கால் மட்டும் வடக்கே ஓடும். ஒரு இலையைப் போட்டுவிட்டு அதோடு நடந்து பாருங்கள்.

கடைசி நாள் இரவு பையில் சில்லறையாக 700 யென் சொச்சம் மிஞ்சியது. கால் இரண்டும் கெஞ்சியது. ஏதாவது சூடாகச் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் விடுதிக்குப் போகலாம், அல்லது தெருமுனைப் பொதுக்குளியல் கூடத்தில் வெந்நீர்த் தொட்டியில் கிடக்கலாம். முன்பின் தெரியாத கிழவர்களோடு துணியில்லாமல் உட்காருவதற்கு முதல் நாளே பட்ட வெட்கமெல்லாம் பட்டு முடித்திருந்தேன். காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வரும்போது நாற்பது நிமிட நடை, ஈரத் தலையில் பிப்ரவரிக் காற்று, மறுநாள் ஜலதோஷம்.